கரையும் காணியும் – 9: தாய்வீட்டு முதுசமும் உச்சமுனை மணலும்

சென்ற வாரம் கரைவலைப் பாடுகளோடு, அதாவது கரைவலை இழுக்கும் இடங்களோடு, நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்தப் பாடுகளுக்குப் பின்னால் கிடக்கும் மணலுக்கு வருவோம். கடல்தொழில் செய்கிறவருக்குக் கடல் மட்டும் போதாது. வலையை இழுத்துப் போடத் திறந்த கரை வேண்டும். வள்ளத்தை ஏற்றி வைக்க இடம் வேண்டும். கருவாடு காயப்போடத் திடல் வேண்டும். குடியிருக்க வீடும் வேண்டும். உச்சமுனையில் இவை எல்லாவற்றுக்கும் இருப்பது அந்த ஒரே மணல்தான்.

கற்பிட்டித் துறையிலிருந்து வள்ளத்தில் வடக்கே போனால் உச்சமுனை வரும். மேற்கே திறந்த கடல், கிழக்கே களப்பு நீர், நடுவில் மணல்திட்டு. சோளகம் அடிக்கும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அது அடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் வந்து இந்தத் தீவுக் கரைகளில் வாடி போடுவது நெடுநாள் வழக்கம். பருவம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். ஊர்க்காரர் அங்கேயே இருப்பார்கள். ஆனால் கையில் காணி உறுதி இல்லையென்றால், தலைமுறையாக இருப்பவரையும் பருவத்துக்கு வந்துபோகிறவரையும் சட்டம் ஒன்றாகத்தான் பார்க்கும்.

இதன் வேர் 1840இல் இருக்கிறது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத காணியும் வேறொருவருடையது என்று நிறுவப்படும்வரை முடிக்கே உரியவை என்று வைத்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவிய காலம் அது. ஆனால் சட்டம் மலையோடு நிற்கவில்லை, கடற்கரை மணலுக்கும் வந்தது. தனியார் காணியில் 10 ஆண்டு தடையின்றி இருந்தவர் ஆட்சியுரிமை கேட்டு நீதிமன்றம் போகலாம். அரச காணியில் எத்தனை தலைமுறை இருந்தாலும் அந்த வழியில் உரிமை பிறக்காது. நில உரிமையை நிரூபிக்கும் பொறுப்பு, எழுதி வைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் தலையில் விழுந்தது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இதே கரைக்கு இன்னொரு சொத்து முறையும் இருந்தது. புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் முக்குவர் என்ற சமூகத்தாரிடையே வழங்கிய முறை அது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அதைப் பற்றி எழுதினார். அந்த முறையில் சொத்து இரண்டு வகை. வழிவழியாக வந்தது முதுசம், ஒருவர் தன் உழைப்பால் சேர்த்தது தேட்டம். ஒரு மனிதர் இறந்தால் அவருடைய தேட்டம் பிள்ளைகளுக்குப் போகும். முதுசமோ அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஆண்கள் காணியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் பெண்கள் வழியாகவே இறங்கியது. பிரிட்டோ எழுதிய அதே 1876இல்தான் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன் பிறகு முக்குவர் முறைக்கு நீதிமன்றத்தில் இடமில்லாமல் போயிற்று.

இன்றைய உச்சமுனைக்காரர் எல்லாரும் முக்குவர் வழியில் வந்தவர்கள் அல்லர். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பல கரைகளிலிருந்து வந்து கூடிய ஊர்கள் இவை. ஆனாலும் குடும்பம் முழுவதும் சேர்ந்து காக்கும் காணி என்ற எண்ணம் புத்தளம் மாவட்டத்துக்குப் புதியதல்ல. அது சட்டத்தில் நிலைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, இந்து சமுத்திரத்தைத் தாண்டி மேற்குச் சுமத்திராவுக்குப் போக வேண்டும்.

அங்கே மினாங்கபாவு மக்கள் வாழ்கிறார்கள். உலகின் தாய்வழிச் சமூகங்களில் இதுவே மிகப் பெரியது என்பார்கள். அவர்கள் முஸ்லிம்கள். அவர்களுடைய ஊர் அமைப்புக்கு நகரி என்று பெயர். மாட்டுக் கொம்புபோல் கூரை வளைந்து ஏறும் ருமா கடாங் என்ற பெரிய வீட்டில் ஒரே தாய்வழிப் பெண்கள் இருப்பார்கள், கணவன் அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவன். பையன்கள் இரவில் ஊரின் சுராவில், அதாவது தொழுகையிடத்தில், படுத்துக்கொண்டு, அங்கேயே ஓதக் கற்றார்கள். நெல்வயலும் வீடும் புசாக்கோ திங்கி என்ற மூதாதையர் சொத்து. அது பெண்வழியில் இறங்கும். மேற்பார்வை தாய்மாமனுக்கு. அவரை மாமாக் என்று அழைப்பார்கள். ஊர்ச் சபையில் குடும்பத்துக்காகப் பேசுவார், மருமக்களின் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்பார். ஆனால் வயலை விற்க அவருக்கு உரிமை கிடையாது.

ஈடு வைக்கலாம். அதுவும் நான்கு காரணங்களுக்கு மட்டும். பெரிய வீட்டின் கூரை ஒழுகினால், வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால், வீட்டு நடுவில் பிணம் கிடந்து அடக்கத்துக்குப் பணம் இல்லையென்றால், குலத்தில் விழுந்துபோன தலைமைப் பட்டத்தை மீண்டும் எழுப்ப வேண்டுமென்றால். இவற்றில் எதிலும் ஒரு தனி மனிதனுடைய ஆசைக்கு இடமில்லை. பணம் கட்டி மீட்கும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு. இளைஞர்கள் வெளியூர் போய்ச் சம்பாதிப்பது அங்கே பெருமையான வழக்கம். அவர்கள் சேர்ப்பது அவர்களுடைய தேட்டம், ஊர் வயல் ஊரில் இருக்கும்.

இது எதிர்ப்பில்லாமல் நிலைத்த ஏற்பாடு அல்ல. மெக்காவில் இருந்த மினாங்கபாவு அறிஞர் அஹ்மத் காதிப், மருமக்கள் வாரிசு இஸ்லாமிய வாரிசுச் சட்டத்துக்கு எதிரானது என்று கடுமையாக எழுதினார். 1952இல் புக்கிட்டிங்கியில் உலமாக்களும் குலத் தலைவர்களும் படித்தவர்களும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூதாதையர் சொத்து மரபுப்படி போகும், தேடிய சொத்து மார்க்கச் சட்டப்படி போகும். இரண்டையும் பிரித்து வைத்த அந்த விவேகம் எனக்கு மிகப் பிடித்தது. முக்குவர் முறையிலும் இதே பிரிவுதான் இருந்தது, ஆனால் இங்கே அது சட்டத்தில் நிலைக்கவில்லை.

காலனியச் சட்டம் அங்கேயும் வந்தது. 1870இல் டச்சு அரசு ஜாவாவில், சொந்தம் என்று நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுடையது என்றது. சில ஆண்டுகளில் சுமத்திராவுக்கும் அதை நீட்டியது. 1979இல் இந்தோனேசிய அரசு நாடெங்கும் ஒரே மாதிரிக் கிராம நிர்வாகம் வைத்தபோது நகரிகள் சிதறின. 2000இல் மேற்குச் சுமத்திரா அவற்றை மீட்டெடுத்தது. தனிப் பெயரில் நிலப் பத்திரம் எழுதுவது அங்கே இன்றும் குடும்ப வழக்குகளைக் கிளப்புகிறது. இருந்தும், நிலம் கேட்டு வருகிறவர் அங்கே ஒரு தாய்வீட்டு வழி முழுவதோடும் பேச வேண்டியிருக்கிறது.

உச்சமுனையில் அப்படி அல்ல. 2000களில் கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் வந்தபோது 14 தீவுகள் அதன் எல்லைக்குள் குறிக்கப்பட்டன. உச்சமுனையும் அவற்றுள் ஒன்று. மீனவர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பின. அவர்களுடைய பயத்தைப் புரிந்துகொள்ள ஒரு கரைவலை இழுப்பைப் பார்த்தால் போதும். வலையின் இரு கயிறுகளையும் ஆட்கள் கரையில் நடந்து நடந்து இழுத்து நெருங்க வேண்டும். அந்த வழியில் ஒரு விடுதியின் வேலி வந்தால் பாடு செத்துவிடும். பாட்டுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி இருந்தாலும் வேலிக்குப் பின்னால் அதனால் பயனில்லை. வீட்டுக்கு மாற்று வீடு கொடுத்துவிடலாம், பாட்டுக்கு மாற்றுப் பாடு எங்கே இருக்கிறது?

இதற்குத் தீர்வாக அரசு காணிப் பத்திரம் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதும் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் இன்றும் உள்ள வழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. தாய் வழியில் வந்த வளவு போய்விட்டது, புது வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகனுக்குப் பிறகே மகளை வைத்தது. 2022இல்தான் அந்த முன்னுரிமை நீக்கப்பட்டது.

ஆகவே உச்சமுனைக்கு அரசு பத்திரம் எழுதும் நாள் வந்தால் மூன்று காரியம் கேட்போம். குடியிருக்கும் வளவு வீட்டுப் பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதப்பட வேண்டும். பாடும் கருவாட்டுத் திடலும் வள்ளம் ஏற்றும் கரையும் ஊர்ப் பொதுவாக, யாராலும் விற்க முடியாதபடி, தனி வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அந்த வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் உட்கார்ந்து கீறாமல், வலை இழுக்கும் பருவத்தில் கரைக்கு வந்து, இழுக்கிறவர்களோடும் கருவாடு போடும் பெண்களோடும் நடந்து அளந்து கீற வேண்டும்.

(தொடரும்)