கலண்டுலாவும் செவ்வந்தியும்



"மரிகோல்ட் மலரின் பயன்களை எழுதுக" என்ற வினாவுக்குப் பலர் இரு வேறு செடிகளின் பயன்களைக் கலந்து எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். எனவே முதலில் இரண்டையும் பிரித்தறிந்து கொள்ளுங்கள்.

1. பெயர்
பொட் மரிகோல்ட் எனப்படுவது கலண்டுலா ஒஃபிசினாலிஸ் என்னும் செடியாகும். இங்கு 'பொட்' என்பது பூச்சாடியன்று, சமையற் பானை. இதன் இதழ்கள் ஐரோப்பாவில் சூப்பில் இடப்பட்டமையே பெயருக்குக் காரணம். நமது முற்றங்களிலும் கோயில் மாலைகளிலும் காணப்படும் செவ்வந்தி மரிகோல்ட் 'ரஜெற்றிஸ்' என்னும் வேறு சாதியாகும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

2. வேறுபாடுகள்
தாயகம்: கலண்டுலா – தென் ஐரோப்பா, ரஜெற்றிஸ் – அமெரிக்கக் கண்டம்.
இலை: கலண்டுலா – பிளவுபடாத நீண்ட இலை, ரஜெற்றிஸ் – இறகுபோற் பிரிந்த, கடும் மணமுள்ள இலை.
வித்து: கலண்டுலா – நகம்போல் வளைந்தது, ரஜெற்றிஸ் – ஊசிபோல் நேரானது.

3. கலண்டுலாவின் பயன்கள்
அ. உணவு: இதழ்களிலுள்ள கரற்றினொயிட்டு நிறப்பொருள் வெண்ணெய், பாற்கட்டி, சோறு ஆகியவற்றுக்கு மஞ்சள் நிறமூட்டும். விலையுயர்ந்த குங்குமப்பூவுக்குப் பதிலாகவும் இது பயன்பட்டது.
ஆ. மருந்து: இதழ்களை எண்ணெயில் ஊறவைத்துப் பெறும் சாறு தோற் களிம்புகளில் சேர்க்கப்படுகிறது. 2004 இல் வெளியான பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்றில் மார்புப் புற்றுநோயாளர் 254 பேர் பங்குபற்றினர். கதிர்ச் சிகிச்சையால் உண்டாகும் தோல் அழற்சி, வேறொரு மருந்தைப் பூசியோரை விடக் கலண்டுலாக் களிம்பு பூசியோரிடம் குறைவாகக் காணப்பட்டது.
இ. அழகு: பூங்காக்களிலும் சாடிகளிலும் வளர்க்கப்படுகிறது.

4. கவனிக்க
வேரைத் தாக்கும் நெமற்றோடுப் புழுக்களைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் நடப்படுவது ரஜெற்றிஸ் ஆகும். இதனைக் கலண்டுலாவின் பயனாக எழுத வேண்டாம்.

இக்குழப்பம் பரீட்சையுடன் முடிவதில்லை. களிம்பில் 'மரிகோல்ட்' என எழுதியிருப்பதைக் கண்டு, முற்றத்துச் செவ்வந்தியைக் கசக்கிக் காயத்தில் பூசாதீர்கள். அதன் சாறு பட்ட தோல் வெயிலில் எரிச்சலடையக்கூடும். கலண்டுலாவும் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஆழமான காயமெனில் வைத்தியரையே நாடுங்கள்.

பயிற்சி வினா
கலண்டுலாவையும் ரஜெற்றிஸையும் இலையைக் கொண்டு எவ்வாறு வேறுபடுத்துவீர்? இரு வரிகளில் விடை தருக.