கந்தையின் விலையும் கைகளின் விலையும்

பெருந்தோட்டத்து லயத்தில் ஒரு சேலை எளிதில் மடிவதில்லை. தீபாவளிக்கு வாங்கிய புதுச்சேலை ஓரிரு ஆண்டுகளில் வேலைக்காட்டுச் சேலையாகிறது. நிறம் மங்கியதும் கூரைமரத்தில் தொட்டிலாகத் தொங்குகிறது. பிள்ளை வளர்ந்து தொட்டில் அவிழ்க்கப்பட்ட பின்னர், வேறு இரண்டு மூன்று பழஞ்சேலைகளுடன் அடுக்கித் தைக்கப்பட்டுப் போர்வையாகிறது. போர்வையும் நைந்தபின் அடுப்படியில் பிடிதுணியாகவும் வாசற்படியில் கால்மிதியாகவும் தனது கடைசிக் காலத்தைக் கழிக்கிறது. இதை எவரும் பாடசாலையில் கற்றதில்லை. பாட்டி செய்ததைத் தாய் பார்த்தாள், தாய் செய்ததை மகள் பார்த்தாள், அவ்வளவுதான். கந்தையானாலும் கசக்கிக் கட்டும் மரபில் வந்தவர்களுக்குக் கந்தையை எறிவது மனத்துக்கு ஒவ்வாத செயலாகவே இருந்து வந்துள்ளது.

இந்தப் பழக்கத்துக்கு இன்று உலகச் சந்தையில் ‘அப்சைக்கிளிங்’ என்ற பெயர் வழங்குகிறது. பழைய துணியைக் கிழித்து நாராக்கி மீண்டும் நூலாக நூற்பது மீள்சுழற்சி. அதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவை. உலகில் கழிக்கப்படும் ஆடைகளில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அவ்வாறு மீண்டும் ஆடையாவதில்லை. துணியைத் துணியாகவே வைத்துக்கொண்டு, கைவேலையினால் முன்னிருந்ததைவிட மதிப்புக் கூடிய பொருளாக்குவதே அப்சைக்கிளிங். இதற்கு ஊசி, நூல், கத்தரிக்கோல், பொறுமை ஆகிய நான்கும் போதும். நான்கும் நமது லயங்களில் உண்டு. இல்லாதது, செய்த பொருளை அதற்குரிய விலைக்கு விற்கும் வழியே. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

எம்பிலிப்பிட்டியவை எடுத்துக்கொள்வோம். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இந்நகரம் தேயிலை நகரமன்று. 1960 களில் உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு வளவை கங்கையின் நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்ட பின்னர் வளர்ந்த குடியேற்ற நகரம் அது. நெல்லும் வாழையுமே அதன் சந்தையை நிரப்புகின்றன. எனினும் அதற்கு வடக்கிலும் வடமேற்கிலும் றக்குவானை, கொடகவெல, கஹவத்தை ஆகிய இடங்களை அண்டிய சரிவுகளில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. நுவரெலியா மாவட்டத்தைப் போன்று இங்கு தமிழ் மக்கள் திரளாக வாழவில்லை. தோட்டத்துக்குச் சில லயங்கள் என்ற அளவில் சிதறியே வாழ்கின்றனர். இச்சிதறல் வாக்குப் பலத்தை மட்டும் பாதிக்கவில்லை. பத்துப் பெண்கள் ஒன்றுகூடிப் பொருள் செய்து, ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே பஸ்ஸில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பும் வசதியையும் அது பாதித்துள்ளது.

கழிவைப் பொருளாக்குவது இந்நகருக்குப் புதிய செய்தியும் அன்று. வாழைச்சேனைக்கு அடுத்ததாக இங்கு நிறுவப்பட்ட அரச கடதாசி ஆலை, அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் வைக்கோலிலிருந்து கடதாசி செய்யவென்றே வந்தது. வைக்கோலுக்கு ஆலை அமைத்த நாட்டில், துணித்துண்டுக்கு ஒரு தையற்கூடம் அமைவது பெரிய காரியமாகாது.

துணிக்கும் பஞ்சமில்லை. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சியில் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கியதிலிருந்து, சப்ரகமுவ மாகாணத்திலும் தையல் இயந்திரத்தின் ஓசை பரவியது. கேகாலை மாவட்டத்தின் துல்கிரியவில் அரச புடவை ஆலை இருந்த வளாகம் பின்னர் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் புடவைப் பூங்காவாயிற்று. ஆடைக்காகத் துணி வெட்டும்போது ஏறத்தாழ 15 வீதம் துண்டுகளாக எஞ்சும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அத்துண்டுகள் நிறையளவில் விலைபேசப்பட்டு வெளியே வருகின்றன. அவற்றைப் பட்டிகளாக வெட்டிச் சாக்கில் கோத்துச் செய்யப்படும் வண்ணவண்ணக் கால்மிதிகளை நாட்டின் எந்தப் பஸ் நிலையத்தருகிலும் காணலாம். மலிவாகக் கிடைப்பதால் வாங்குகிறோம், மிதிக்கிறோம், மறந்துவிடுகிறோம்.

தொடங்க விரும்புவோர் முதலில் கற்கவேண்டியது துணியைப் பிரித்தறிவதையே. தோட்டத்துச் சேலைகளிற் பெரும்பாலானவை பொலியெஸ்டர். அவை எளிதிற் கிழியா, சாயம் போகா. ஆனால் நீரை உறிஞ்சா. ஆகவே அவை கால்மிதிக்கு உதவா, பையின் வெளிப்புறத்துக்கும் பின்னற் கயிற்றுக்கும் உதவும். சாரம் பெரும்பாலும் பருத்தி. ஒட்டுப்போர்வைக்கும் பிடிதுணிக்கும் அதுவே சிறந்தது. ஐயமிருந்தால் ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி கடதாசியைப் போல எரிந்து மென்சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். நாம் பொதுவாகக் கவனியாத இன்னொரு செல்வம் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை. முழங்கையிலும் கழுத்திலும் நைந்தாலும் அதன் முதுகுப்பகுதி பல வேளைகளில் நன்றாகவே இருக்கும். வெள்ளையாதலால் விரும்பிய சாயம் ஏற்றலாம். தையலுக்கு முன் எல்லாத் துணிகளையும் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துவது கட்டாயம். சாயம் விடும் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துக் கண்டறிந்து முன்கூட்டியே விலக்கிவிட வேண்டும். வாங்கியவரின் வீட்டில் முதற் சலவையிலேயே சிவப்பு நிறம் கசிந்தால், அவர் மறுமுறை நமது கடைப்பக்கம் திரும்பமாட்டார்.

இனி விலைக்கு வருவோம். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பழந்துணிதானே, காசு கொடுத்து வாங்கவில்லையே என்று எண்ணுபவர், செய்த பொருளுக்கும் ஏதோ கிடைத்ததைப் பெற்றுக்கொள்கிறார். மூலப்பொருளுக்கு விலையில்லை என்பதால் உழைப்புக்கும் விலையில்லை என்றாகிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேயிலை, இறப்பர்த் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த உயர்வு எதையும் சேர்க்காமலே அதனை எட்டு மணித்தியாலங்களால் வகுத்தால், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 169 ரூபா வருகிறது. ஒரு கால்மிதி மூன்று மணித்தியால வேலை எனக் கொண்டால் கூலி மட்டும் 507 ரூபா. நூல், சவர்க்காரம், பஸ் கட்டணம், சந்தைக்குச் சென்றதால் இழந்த ஒரு நாட்சம்பளம் ஆகியன இன்னும் சேரவில்லை. தோட்டச் சம்பளமே போதாது என்று பல்லாண்டுகளாகப் போராடிவரும் சமூகம், மாலை ஐந்து மணிக்குப் பின் லயத்து விளக்கடியில் செய்யும் வேலைக்கு அந்தச் சம்பளத்தையும் விடக் குறைவாகத் தானே விலை வைத்துக்கொள்வது விந்தையன்றோ?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்றொரு சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். குளிரைத் தாங்குவதற்காக அவ்வூர்ப் பெண்கள் நைந்த வேலையுடுப்புகளையும் காற்சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தனர். 1966 இல் அப்பகுதிப் பெண்கள் ‘சுதந்திரப் போர்வைக் கூட்டம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவை அமைத்தனர். 1972 இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தபோது, வெட்டி எஞ்சிய துண்டுகளும் வீடுகளுக்குச் சென்று போர்வைகளாயின. 2002 இல் இப்போர்வைகள் நியூயோர்க்கின் விட்னி கலைக்கூடத்தில் ஓவியங்களுக்குச் சமமாகச் சுவரில் தொங்கவிடப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களம் அவற்றை முத்திரைகளில் அச்சிட்டது. ஆனால் மறு ஆண்டே அப்பெண்களில் சிலர், தமது போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் கிடைத்த வருமானத்தில் தமக்கு நியாயமான பங்கு வரவில்லை எனக் கூறி நீதிமன்றம் சென்றனர். 2008 இல் வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் என்ற வகையில் இக்கதையின் இரு பாதிகளும் நமக்கு நெருக்கமானவை.

பொருளின் முடிப்பு வேலையைப் பற்றியும் ஒரு சொல். கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், பழந்துணித் துண்டுகளைக் கொண்டு ‘கவண்டி’ எனப்படும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவை நோக்கி வரும் தையல் அது. நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளை அடுக்கி வைக்கின்றனர். அதற்குப் ‘பூ’ என்று பெயர். பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்பைப் போன்றது என்பது அவர்களது எண்ணம். அந்தப் பூவுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆயினும் அதைக் கண்டவுடன் இது யாருடைய வேலை என்று வாங்குபவர் அறிந்துகொள்கிறார். நமது பெண்கள் முதுகில் சுமந்த கூடையும், இடுப்பிற் கட்டிய படங்கும், மழைக்குத் தலையில் இட்ட கொங்காணியும் நமக்கே உரிய வடிவங்கள். பழஞ்சேலையிற் செய்த கையளவு கொழுந்துக்கூடை ஒன்றைச் சுற்றுலாப் பயணி வேறெங்கும் வாங்க முடியாது. கால்மிதியை எங்கும் வாங்கலாம்.

எம்பிலிப்பிட்டியவின் வாரச்சந்தை மலிவுப் பொருளுக்கான இடம். அங்கு விலை கூட்டிக் கேட்டால் விற்காது. ஆனால் அந்நகருக்கு அண்மையிலேயே 1972 இல் பிரகடனப்படுத்தப்பட்ட உடவளவைத் தேசியப் பூங்கா உள்ளது. யானைகளைக் காண வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் வருகின்றனர். தலைநகரில் 2012 இல் தொடங்கிய ‘குட் மார்க்கெட்’ சந்தையில், பொருள் எவ்வாறு செய்யப்பட்டது, யாரால் செய்யப்பட்டது என்பவற்றை விற்பனையாளர் வெளிப்படுத்திய பின்னரே இடம் கிடைக்கும். அத்தகைய சந்தையில் லயத்துப் பெண்ணின் கதையே அவரது தகுதிப் பத்திரம். அறுகம்பேயில் ‘ரைஸ் அண்ட் கரி’ என்ற முயற்சியினர் வெற்று அரிசிச் சாக்குகளைப் பைகளாக்கி, அப்பகுதிப் பெண்களின் தையலைக் கொண்டு பயணிகளுக்கு விற்கின்றனர். ஆடை வடிவமைப்பாளர் லொனாலி ரொட்றிகோ, தொழிற்சாலைகளில் எஞ்சும் துணியிலிருந்தே தமது ஆடைகளை உருவாக்குகிறார். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பைக்குத் தனியாகக் கட்டணம் அறவிட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டபடியால், உறுதியான துணிப்பைக்கு உள்ளூரிலேயே இடமுண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சந்தைக்குக் கொண்டுசெல்லாது, துணிப்பையை நகரச் சந்தைக்கும் கைவேலை மிகுந்ததைப் பயணிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் எனப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் முந்திய வாரங்களில் நடக்கும் கண்காட்சிகளுக்காக மூன்று மாதங்களுக்கு முன்பே தைக்கத் தொடங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விடமுடியாது. தொழில் தொடங்குகிறோம் என்றவுடன் வாசலுக்கு வருவது நுண்கடன். வாரந்தோறும் தவணை கேட்கும் கடனில் தையல் இயந்திரம் வாங்கி, பொருள் விற்பதற்குள் இயந்திரத்தையே விற்ற பெண்கள் பலர். 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தமை நினைவிருக்கலாம். முதல் ஆண்டு கையூசியே போதும். கையால் தைத்ததற்குத்தான் விலையும் கூட.

அரச தரப்பில் வழிகள் இல்லாமலில்லை. 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞரைப் பதிவுசெய்கிறது, கண்காட்சிகளை நடத்துகிறது, ‘சில்ப அபிமானி’ விருதுகளை வழங்குகிறது. லக்சல விற்பனை நிலையங்களும் உள்ளன. ஆனால் விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பிரதேச செயலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டு, கிராம அலுவலர் வழியாகக் கீழே இறங்கும்போது, தோட்டத்து எல்லையில் அது நின்றுவிடலாகாது. தமிழும் அரச கரும மொழியென 1987 இல் 13 ஆவது திருத்தம் கூறியது. அந்த விண்ணப்பப் படிவம் தமிழில் லயத்துக்கு வந்து சேர்ந்தாலே பாதித் தூரம் கடந்தாயிற்று. தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களும், பிள்ளைப் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர்களும், ஆலய நிருவாகத்தினரும் இந்த ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளலாம். படிவம் நிரப்ப அரை மணித்தியாலம் போதும்.

சந்தையில் கடை விரிக்கும் நாளுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு பொருளிலும் மூன்று மொழிகளிலும் எழுதிய சிறு சீட்டொன்றைத் தொங்கவிடுவோம். செய்தவரின் முதற்பெயர், தோட்டத்தின் பெயர், துணி முன்பு என்னவாக இருந்தது, விலை ஆகியன அதில் இருக்கட்டும். விலைக்குக் கீழே, தைக்க எத்தனை மணித்தியாலம் சென்றது என்பதையும் எழுதிவிடுவோம். பேரம் பேச வருபவர் முதலில் அதனை வாசிக்கட்டும்.