ஆற மறுக்கும் காற்று

சைக்கிள் டியூபின் வால்வை அழுத்தினால் சீறிவரும் காற்று விரலில் சில்லென்று படும். அடைபட்ட வாயு விரிந்தால் குளிரும். சூரியனிலிருந்து நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் சூரியக் காற்றும் விரிந்துகொண்டேதான் போகிறது. கணக்குப்படி, தூரம் இரட்டிப்பானால் அதன் வெப்பநிலை ஐந்தில் இரண்டு பங்காக இறங்க வேண்டும். 1970-களில் ஹீலியோஸ் விண்கலங்கள் அளந்தபோது அவ்வளவு இறங்கவில்லை. வழியில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். காற்று தன்னோடு சுமந்துவரும் கொந்தளிப்பே அந்த அடுப்பு என்பதுதான் இருப்பவற்றில் வலுவான விளக்கம்.

மதகைத் திறந்ததும் வாய்க்காலில் பெரிய சுழி ஒன்று எழும். அது சிறு சுழிகளாக உடையும், அவை இன்னும் பொடியாகும். கடைசியில் சுழற்சியின் ஆற்றல் நீருக்குள் வெப்பமாகக் கரைந்துவிடும். சூரியக் காற்றில் சுழிகளோடு காந்தப்புல அலைகளும் சேர்ந்துகொள்கின்றன. இங்கே ஒரு சிக்கல்: எதிரெதிரே வரும் அலைகள் மோதினால்தான் அவை உடையும். சூரியனுக்கு அருகிலோ பெரும்பாலான அலைகள் ஒரே திசையில், வெளிநோக்கி ஓடுகின்றன. அளவு சிறுக்கச் சிறுக்க ஆற்றல் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண் அங்கே சுமார் 3/2 என்று 2018-இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் கண்டது. பூமிக்கு அருகில் அது 5/3. சாதாரணத் திரவங்களுக்கு 1941-இல் கணிதவியலாளர் கோல்மகோரவ் சொன்ன அதே எண். ஆக, கொந்தளிப்பு பயணத்தில்தான் முதிர்கிறது. முதிராதது என்றால் பலவீனமானது என்று அர்த்தமில்லை. சூரியனருகே அது கடத்தும் ஆற்றல் பூமிக்கருகில் இருப்பதைவிடப் பல மடங்கு.

அங்கே ஒரு நாள், இங்கே வேறொரு நாள் அளந்தால் இரண்டும் வெவ்வேறு காற்றாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பல ஆண்டுகள் இதற்கு நேரான பதில் இல்லை. 2022 பிப்ரவரியில் பார்க்கரும் சோலார் ஆர்பிட்டர் என்ற இன்னொரு விண்கலமும் ஒரே வரிசையில் அமைந்தன. பார்க்கரைக் கடந்த அதே காற்றோட்டம் சுமார் இரண்டு நாளில் மற்றதை எட்டியது. முதலில் மொத்த ஆற்றலில் சுமார் 10 சதவீதமாக இருந்த காந்த அலைகளின் பங்கு, அங்கே 1 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. காற்றோ எதிர்பார்த்ததைவிடச் சூடாகவும் வேகமாகவும் இருந்தது. காணாமல்போன ஆற்றல் எங்கே போனது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

ஆனால் சூரியனில் கிளம்பிய அலைகளை மட்டும் வைத்து எல்லாத் தூரத்துக்கும் கணக்கை நேர்செய்ய முடியாது. யுரேனஸின் சுற்றுப்பாதையையும் தாண்டிப் போன வாயேஜர் 2, காற்று மெல்லச் சூடேறுவதைக் கண்டது. அங்கே எரிபொருள் வெளியிலிருந்து வருகிறது: விண்மீன்களுக்கு இடையிலிருந்து நுழையும் ஹைட்ரஜன் அணுக்கள் எலெக்ட்ரானை இழந்ததும் காற்றின் காந்தப்புலத்தில் சிக்கி, புதிய அலைகளைக் கிளப்பிவிடுகின்றன.