இணையவழிக் குற்றமும் அரசுத் தரப்பு வழக்குரைஞரும்

கல்கத்தாவின் கிழக்கே, ஒருகாலத்தில் வயல்களும் நீர்நிலைகளுமாய்க் கிடந்த ராஜர்ஹாட் பகுதியில், இன்று நியூ டவுன் என்னும் புதுநகரம் எழுந்து நிற்கிறது. முந்திய தலைமுறைத் தமிழர்கள் பெரும்பாலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறினார்கள். இன்றைய இளைஞர்களில் பலரோ கணினித் தொழிலை முன்னிட்டு நியூ டவுனையும் அடுத்துள்ள ஐந்தாம் செக்டரையும் நாடி வருகிறார்கள். அறிவும் உழைப்பும் செழிக்கும் இவ்விடத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. வெளிநாட்டு முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கணினி பழுதாகிவிட்டது என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் போலி அழைப்பு மையங்களைக் காவல்துறையினர் இவ்வட்டாரத்தில் பலமுறை சோதனையிட்டு மூடியிருக்கின்றனர். 2012-இல் அமைந்த பிதான்நகர் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் நியூ டவுன் அடங்கியிருக்கிறது.

குற்றவாளி பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்ததும் நாம் வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது. காவல்துறை திரட்டியதை நீதிமன்றத்தின் முன் வைத்து, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரே அரசுத் தரப்பு வழக்குரைஞர். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இப்பணியை அடைவது எவ்வாறு என்பதையே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம்.

இப்பணியின் அருமையை விளக்க ஒரு வழக்கு போதும். நதியா மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவரைக் காவல் அதிகாரிகள் போல் பேசி மிரட்டி, 'டிஜிட்டல் கைது' என்று சொல்லி, ஏறத்தாழ 1 கோடி ரூபாயைப் பறித்தது ஒரு கூட்டம். சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வங்காளத்திற்கு வெளியே பல மாநிலங்களில் பிடிபட்டனர். 2025 ஜூலையில் கல்யாணி நீதிமன்றம் அவர்களுள் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இவ்வகைக் குற்றத்தில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று செய்தித்தாள்கள் இதனைக் குறிப்பிட்டன. விசாரணை சில மாதங்களிலேயே முடிந்தது. வங்கிக் கணக்குகளையும் தொலைபேசிப் பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்து நீதிபதிக்கு விளங்கச் செய்யும் திறமை அரசுத் தரப்பில் இல்லாதிருந்தால் இது கைகூடியிராது.

இனி, பதவிகளின் வகையைப் பார்ப்போம். 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இவற்றை வகுத்துச் சொல்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துபவர் உதவி அரசுத் தரப்பு வழக்குரைஞர். செஷன்ஸ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நடத்துபவர் பப்ளிக் பிராசிக்யூட்டர். இவருக்கு வழக்குரைஞராக 7 ஆண்டுப் பழக்கம் வேண்டும். குறிப்பிட்ட ஒரு வழக்கிற்கோ ஒருவகை வழக்குகளுக்கோ நியமிக்கப்படும் சிறப்பு வழக்குரைஞருக்கு 10 ஆண்டுப் பழக்கம் வேண்டும். இணையவழிக் குற்றத்தில் தேர்ச்சி பெற்றவர்களை இச்சிறப்புப் பதவிகள் நாடிவருதல் இயல்பு.

நுழையும் வாயில்கள் பல. மத்தியப் புலனாய்வுத் துறைக்கு வேண்டிய அரசு வழக்குரைஞர்களை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாட்டில் உதவி அரசு வழக்குரைஞர் பதவிக்கு மாநிலத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அதற்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு தொழில் புரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி விதிகள் உண்டாகையால், விளம்பரத்தை முழுவதும் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் பெறும் அரசு வழக்குரைஞர் வழக்குரைஞர் என்னும் தகுதியை இழந்துவிடுவாரோ என்ற ஐயம் பலருக்கு இருந்தது. 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வையத்தைப் போக்கியது. நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் அவர் தொடர்ந்து வழக்குரைஞரே என்றும், மாவட்ட நீதிபதித் தேர்வுக்கு அக்காலம் கணக்கில் சேரும் என்றும் தெளிவாயிற்று.

பதவி பெறுவது ஒருபுறமிருக்க, தொழிலில் நிலைப்பதற்கு வேண்டியது சாட்சிய அறிவாகும். கத்தியால் குத்திய வழக்கில் கத்தியைக் காட்டலாம். கணினியில் உள்ள பதிவையோ எவ்வித அடையாளமுமின்றி மாற்றிவிட முடியும். ஆதலால், மூலக் கருவியையே கொண்டுவர இயலாதபோது, பதிவின் நகலோடு சட்டப்படியான சான்றிதழும் இருத்தல் அவசியம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இப்போது நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு அச்சான்றிதழை இரு பகுதிகளாக்கியுள்ளது. ஒன்றைக் கருவியின் பொறுப்பாளர் தர வேண்டும்; மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் அதில் இடம்பெறும். ஹாஷ் என்பது கோப்பிற்குரிய கைரேகை எனலாம். ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். இச்சான்றிதழில் குறை நேர்ந்தால், உண்மையான குற்றவாளியும் விடுதலை பெற்றுச் செல்லக்கூடும்.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கு முன்னோடிப் பெருமை உண்டு. ஒரு பெண்மணியைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசச் செய்திகளை வெளியிட்டவர் மும்பையில் கைது செய்யப்பட்டு, சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார். 2004 நவம்பரில் தண்டனை வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் நாட்டில் கிட்டிய முதல் தண்டனையாக அது எண்ணப்படுகிறது. புகார் பதிவாகி ஏழு மாதங்களுக்குள் தீர்ப்பு வந்ததையும் கருத வேண்டும்.

அரசுப் பதவி ஒன்றே வழி என்று எண்ண வேண்டியதில்லை. பணத்தை இழந்தவர் நஷ்டஈடு கோரி, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளராகிய நியாயத் தீர்ப்பு அதிகாரியை அணுகலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். வெளிநாட்டில் பணியாற்றிய தூத்துக்குடிக்காரர் ஒருவர், வங்கியிலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சலால் ஏமாந்தார். வங்கி தக்க பாதுகாப்புச் செய்யவில்லை என்று கண்ட தமிழ்நாட்டு அதிகாரி, அவருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் தருமாறு 2010-இல் உத்தரவிட்டார். இத்தகைய மனுக்களை நடத்திப் பழகிய இளம் வழக்குரைஞருக்கு வங்கிப் பதிவுகளின் போக்கு நன்கு விளங்கிவிடும். பின்னர் அரசுத் தரப்பில் அமரும்போது அவ்வறிவு பெரிதும் துணைநிற்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சில குறிப்புகள் இன்றியமையாதவை. சட்டப் பட்டத்தை முறையாகக் கல்லூரியில் பயின்றே பெற வேண்டும்; அஞ்சல்வழிப் பட்டம் வழக்குரைஞராகப் பதிவு செய்ய உதவாது. சால்ட் லேக்கில் 1999 முதல் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. பொறியியலும் அறிவியலும் கற்றவர்களுக்காகக் கரக்பூர் ஐ.ஐ.டி. 2006-இல் சட்டப்பள்ளி ஒன்றைத் தொடங்கியது. கணினி பயின்றவர் சட்டத்திற்கு வர அது நல்ல பாலம். பட்டம் பெற்றபின் ஒரு மாநில வழக்குரைஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்குரைஞர் தேர்விலும் தேற வேண்டும். 2011 முதல், எம்மாநிலத்தில் பதிவு செய்தவரும் இந்தியா முழுவதிலும் தொழில் புரிய உரிமை பெற்றுள்ளார்.

உரிமை இருந்தாலும் மொழி வேண்டும். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் போதும். கீழ் நீதிமன்றத்திலோ சாட்சி தன் தாய்மொழியில்தான் மனம் திறந்து பேசுவார். ஆகவே வங்காளியைப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்ளாமல் இங்கே குற்றவியல் தொழிலில் முன்னேறுவது அரிது. கற்றுக்கொண்டவருக்கோ இரட்டைப் பயன் உண்டு. பணம் இழந்தவர் திருநெல்வேலியிலும், கணக்கு வைத்திருப்பவர் பாட்னாவிலும், அழைத்தவர் கல்கத்தாவிலும் இருக்கும் வழக்குகளில் பன்மொழி அறிந்த வழக்குரைஞரின் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதன்று.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். ஊரிலுள்ள பெற்றோர் பணத்தை இழந்தார்கள் என்று அறிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கச் செய்ய வேண்டும். பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழியுண்டு. நேரம் கடந்தால் அவ்வழி அடைபடும். குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று புதிய நடைமுறைச் சட்டம் கூறுகிறது.

இறுதியாக, இப்பதவியின் அறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசுத் தரப்பு வழக்குரைஞர் காவல்துறையின் ஊழியர் அல்லர். எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் கடமையும் அன்று. போலி அழைப்பு மையம் ஒன்று பிடிபடும்போது, கொள்ளையடித்துச் செல்வம் சேர்த்த முதலாளியோடு, வேலை கிடைத்ததே என்று மகிழ்ந்து முதல் மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிய இளைஞனும் கைதாகலாம். அவன் அறிந்து செய்தானா, அறியாமல் சிக்கினானா என்பதைச் சாட்சியத்தைக் கொண்டு பகுத்துப் பார்க்க வேண்டியவருள் அரசு வழக்குரைஞரும் ஒருவர். அவனுக்கு எதிரான சான்று போதாதெனில், நீதிமன்றத்தின் இசைவுடன் அவன்மீதான வழக்கைத் திரும்பப் பெறவும் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. ஏமாந்த முதியவரின் சேமிப்பும் அகப்பட்ட இளைஞனின் எதிர்காலமும் ஒரே கோப்பில் அடங்கிக் கிடக்கின்றன. அக்கோப்பைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய சட்ட அறிவும், கணினி அறிவும், மனச்சான்றும் ஒருங்கே வாய்ந்தவர்களையே நீதிமன்றங்கள் எதிர்பார்த்திருக்கின்றன.