மூச்சுக்கும் ஒரு கணக்கு!

குட்டீஸ்! இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். எவ்வளவு புகையை சுவாசித்தீர்கள் என்று கேட்டால்? திருதிருவென விழிப்பீர்கள்தானே!

அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் இப்படித்தான் திணறினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைகள். கடல் காற்று வாகனப் புகையை உள்ளே தள்ளும். மலை அதை மறித்துக் கொள்ளும். பாவம், அடிவாரத்து ஊர்கள்! அந்தப் புகை பிள்ளைகளின் நுரையீரலை என்ன செய்கிறது? 1990களின் தொடக்கத்தில், 12 ஊர்களில் ஆராய்ச்சி தொடங்கியது.

பத்து வயதுப் பிள்ளைகள், ஆண்டுதோறும் பள்ளியிலேயே ஒரு குழாயில் 'ஊப்' என்று ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை 'ஸ்பைரோமீட்டர்' காட்டிவிடும். இது சுலபம்.

ஆனால், ஒவ்வொருவரும் சுவாசித்த புகையை எப்படி அளப்பது? ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கழுத்தில் எட்டு வருடம் கருவியைத் தொங்கவிட முடியுமா? ஊருக்கு ஒரு காற்று அளக்கும் நிலையம் இருந்தது. அது மட்டும் போதாது. ஒரே ஊரில் சாலையோர வீடும் இருக்கும், தள்ளியிருக்கும் வீடும் இருக்கும் அல்லவா?

அதனால் கணக்கு போட்டார்கள். வீட்டிலிருந்து பெரிய சாலை எத்தனை மீட்டர், அதில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது... எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால், அந்த வீட்டு வாசலில் புகை எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்லும்.

கம்ப்யூட்டர் சொன்னால் நம்பிவிடுவதா? நல்ல சந்தேகம்! 208 பிள்ளைகளின் வீட்டு வெளியே சின்னக் கருவி வைத்து நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை நிஜமாகவே அளந்தார்கள். நெடுஞ்சாலையை நெருங்க நெருங்க, வாயு அதிகமாக இருந்தது.

இந்தக் கணக்கில் ஓட்டையும் உண்டு. நீங்கள் நாள் முழுக்க வீட்டிலா இருக்கிறீர்கள்? பள்ளி, மைதானம் என்று சுற்றுகிறீர்கள். ஓடி விளையாடும்போது மூச்சும் அதிகம் வாங்கும்!

இருந்தாலும் 2007ல் வெளியான முடிவு பெரியவர்களை யோசிக்க வைத்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகளின் நுரையீரல், 1,500 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களை விடக் குறைவாகவே வளர்ந்திருந்தது. மற்றபடி சுத்தமான காற்றுள்ள ஊரிலும் இதே கதைதான்.

வாகனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. காற்று மெல்ல சுத்தமானது. 2015ல் ஐந்து ஊர்களின் கணக்கைப் பார்த்தார்கள். 1994 - 98ல் ஊதிய பிள்ளைகளில், 15 வயதில் நுரையீரல் பலம் மிகக் குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். 2007 - 11ல் ஊதியவர்களில் நாலு பேர் கூட இல்லை!