ஏறி இறங்கும் அலை காட்டிய உயரம்

வானொலி நிலையத்திலிருந்து புறப்படும் மத்திய அலை இரண்டு வழிகளில் ஏற்பியை அடைகிறது. தரையை ஒட்டி வருவது நில அலை. மேலே சென்று, வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்புவது வான் அலை. பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு வான் அலையைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதால், சமிக்ஞை சீராக இருக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மங்கிவிடுகிறது. இரண்டு அலைகளும் சேர்ந்து வரத் தொடங்குகின்றன. முகடும் முகடும் ஒத்து வந்தால் சமிக்ஞை வலுக்கும். முகடும் அகடும் சந்தித்தால் தேயும்.

1901இல் மார்க்கோனியின் சமிக்ஞை, பூமியின் வளைவையும் மீறி அட்லாண்டிக்கைக் கடந்தது. அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஒன்று வானில் இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். அதற்கு நேரடிச் சான்று கிடைக்க மேலும் 22 ஆண்டுகள் ஆயின.

லண்டன் ஒலிபரப்பைக் கேம்பிரிட்ஜில் அளந்த எட்வர்ட் ஆப்பிள்டன், இரவில் அதன் வலிமை கூடிக் குறைவதைக் கவனித்தார். இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதே காரணமானால், அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றும்போது இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்காக நிகழ வேண்டும். 1924 டிசம்பரில் அவரும் மைல்ஸ் பார்னெட்டும் இதைச் சோதித்தனர். இரவு நிகழ்ச்சிகள் முடிந்தபின் போர்ன்மவுத் பிபிசி நிலையம் தன் அலைநீளத்தை மெல்ல மாற்றியது; சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், ஆக்ஸ்ஃபோர்டில், சமிக்ஞையின் வலிமை அளக்கப்பட்டது. எதிர்பார்த்தபடியே அது ஏறி இறங்கியது.

அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணினாலே உயரம் தெரியும். இரண்டு பாதைகளின் நீளமும் 100 கிலோமீட்டர் வேறுபடுவதாகக் கொள்வோம். அலைநீளம் 400 மீட்டரானால் அந்த வேறுபாட்டில் 250 அலைகள் அடங்கும். 390 மீட்டரானால் ஏறத்தாழ 256. ஆகவே அலைநீளம் 10 மீட்டர் குறைவதற்குள் சமிக்ஞை ஆறு முறை ஏறி இறங்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், எண்ணிக்கையிலிருந்து பாதை வேறுபாடும், அதிலிருந்து அடுக்கின் உயரமும் கிடைக்கும். ஆப்பிள்டனுக்குக் கிடைத்த விடை சுமார் 90 கிலோமீட்டர்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பிரைட்டும் டியூவும் குறுந்துடிப்புகளை மேலே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணித்தனர். இந்த அடுக்குகள் அடங்கிய அயனி மண்டலத்தை இன்றும் கண்காணிக்கும் அயனோசோண்டு கருவி இம்முறையில்தான் இயங்குகிறது. ஆப்பிள்டன் இன்னும் உயரத்தில் மற்றோர் அடுக்கையும் கண்டறிந்தார். 1947இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.