தேக்குக்கு மேல் பெயின்ட்

படுக்கையறையில் ‘தேக்கு’ என்று பெயர் வாங்கி நிற்கும் பீரோவும் கட்டிலும் பல வீடுகளில் முழுத் தேக்கு அல்ல. பிளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல்தான். வெனீர் எனப்படும் அந்தத் தோலின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். மங்கிப்போனதற்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க இறங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

வேலை கெடுவது பெயின்ட்டில் அல்ல, தேய்ப்பில். பழைய பாலிஷ் மொத்தமும் போகட்டும் என்று முரட்டு உப்புத்தாளை அழுத்தினால், ஓரங்களில் பிளைவுட் பல்லிளித்துவிடும். பளபளப்பு மங்கினாலே போதும். 220-ஆம் எண் தாளை ஒரு கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையில் லேசாக இழுக்க வேண்டும். மெஷின் வேண்டவே வேண்டாம். தேய்ப்பதற்கு முன்பே கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் துடைத்துவிடுவது அவசியம். அங்கே வருடக்கணக்கில் ஏறிய தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது.

முன்பே பெயின்ட் அடித்த பழைய சாமானாக இருந்தால் உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து; எழும் தூசியில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

எழும்பி நிற்கும் வெனீர் ஓரங்களுக்கு அடியில் கத்தி முனையால் வெள்ளைப் பசையைச் செலுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளும் கட்டையும் வைத்து, ஓர் இரவு பாரம் ஏற்றினால் படிந்துவிடும். பள்ளங்களுக்குப் பட்டி.

வெள்ளை நிறம் விரும்புகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. மரத்திலுள்ள டானின், தண்ணீர் கலந்த பெயின்ட்டில் கரைந்து பழுப்புக் கறையாக மேலே வரும். எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும். இதைத் தடுப்பது அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கை, மெழுகு நீக்கி ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு பூச்சு கொடுத்தால் கறை ஏறாது. இரண்டாவது தொல்லை எண்ணெய் எனாமல். வெளிச்சம் படாத இடத்தில்தான் அது அதிகம் மஞ்சளிக்கும். பீரோவின் உட்புறத்துக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் எனாமலே மேல்.

நல்ல ரேகையுள்ள தேக்கு வெனீரைப் பெயின்ட்டில் மூழ்கடிப்பது வீண். அதற்கு மறுபாலிஷே தகும். நுண்துளைகளில் இறங்கிய பெயின்ட்டைப் பிறகு தேய்த்தெடுக்கப் போனால் வெனீரும் கூடவே போகும்.

அடித்த பிறகு அவசரம் கூடாது. தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் பெயின்ட் முழுதாக இறுக வாரக்கணக்காகும். அதற்குள் பீரோ கதவை இறுக்கிச் சாத்தினால், திறக்கும்போது சட்டத்தோடு ஒட்டி உரிந்து வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் தாமதமாகும். மாசி, பங்குனி வெயிலில் தொடங்குவதே வசதி.